ஈரோட்டுக்குப் போன டாக்டர் வண்டி

முரளி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். நேற்றுதான் போனில் பேசினோம், நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நீ நலமாக, உயிரோடு, புனேயில் வேலையில் இருக்கிறாய் என்பதை இந்தக் கடிதத்தில் நான் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். தெரிந்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கல்யாணப் பத்திரிகை ஏன் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். ராபர்ட்சன்பேட்டை அச்சகத்தில் ஏகக் கூட்டம் என்று சொல்லி வந்தேன். அது பொய். அச்சகக்காரர் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னா சார், மேட்டர் ரெடியா?" என்கிறார். பத்திரிகையை நிறுத்தி வைத்திருப்பவள் உன் அம்மா. நான் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை ஒரு பத்திரிகைகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது என்பதை இந்த வருஷம் கண்டுபிடித்துவிட்டேன். பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் யோசனை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் நம் டாக்டர் வண்டியைப் பற்றியது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் மைன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் ஓட்டிய கார் என்பதால் ஊரே அதை அப்படித்தான் சொல்லும். நீ இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, சாம்பியன் ரீஃப் பக்கம் இடிந்த பங்களா ஒன்றின் பின்னால் முள்ளுக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஃபேக்டரியில் வேலை நேரமெல்லாம் இன்ஸ்பெக்ஷனில் நின்று, மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தபோது சிவப்புப் பெயின்ட் படாமல் தப்பிக்கும் இடம் என்று ஒரு கையகலம்கூட இல்லை. இருந்தாலும் வாங்கினேன். உன் முகத்தைப் பார்த்து வாங்கினேன். கோரமண்டலில் நம் லைன் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீயும் நானும் அதன் அடியில். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். முதல் ஓட்டம் பேத்தமங்களா ஏரிக்கரை வரைக்கும், அம்மா முன் சீட்டில், நான் பின்னால் என்று நீ திட்டம் போட்டாய். பின்னால் உட்காருவதில் எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் தலையாட்டினேன்.

பிறகு உனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வரும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் என்ன செய்வான்? அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, நீ எழுந்து வருகிறாயா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் புனே. ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போனது. போன பொங்கலுக்கு நீ வந்தபோது எல்லாச் சாமானையும் எடுத்து வெயிலில் பரப்பி வைத்திருந்தேன். நீ காபியோடு வந்து நின்று பார்த்தாய். "அப்பா, இன்னாத்துக்குப்பா இத்த இன்னும் வச்சிக்கினு கஷ்டப்படறீங்க? எடைக்குப் போட்டுருங்க. இடமாவது மிச்சமாவும்" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, என் முதுகு வலியைப் பார்த்து அக்கறையாகத்தான் சொன்னாய். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் தார்ப்பாயை இழுத்து மூடினேன். நீ ஊருக்குப் போன பிறகும் அந்த வார்த்தையை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது, உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன். இது உனக்கும் இருக்கிறது. வரப்போகிற ஸ்வாதியிடம் அந்தப் புத்தியைக் காட்டாதே. கோபம் வந்தால் வந்த இடத்திலேயே கத்திவிடு. அதில் கெடுகிறதைக் காட்டிலும் பூட்டி வைப்பதில் கெடுகிறது அதிகம்.

எடைக்குப் போடமாட்டேன், விற்றுக் காட்டுகிறேன் என்ற வீம்பில்தான் ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். படமெடுத்து, இங்கிலீஷில் நானே எழுதிப் போட்டேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி எழுதினேன். இன்ஜின் தனியாக இறக்கி வைக்கப்பட்டுள்ளது, கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்க்கப்பட்டது, வலது கதவின் அடியில் துரு, டிக்கியில் ஓட்டை, ஒயரிங் இல்லை. ஓட்டையின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்தேன் என்றால் பார்த்துக்கொள். விற்கிறவன் மறைப்பதை நான் பெரிதாக்கிக் காட்டினேன். அவ்வளவு யோக்கியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன் வராமல் இல்லை. வந்ததெல்லாம் வேடிக்கை. ஒருத்தர் ஸ்டீயரிங் மட்டும் கழற்றித் தருவீர்களா என்றார். இன்னொருத்தர் வண்டியை ரெசார்ட் வாசலில் வைத்துப் பூச்செடி நட வேண்டும், இன்ஜின் இல்லாமல் விலை சொல்லுங்கள் என்றார். யார் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வி. "இவ்ளோ வேலை பண்ணிட்டு ஏன் சார் பாதியில விக்கறீங்க? இன்னா குறை?" பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வது? இடம் இல்லை என்றேன், உடம்பு முடியவில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று நினைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

அப்போதுதான் ஈரோட்டிலிருந்து சுந்தரம் என்பவர் கூப்பிட்டார். விசைத்தறிக்கு உதிரி பாகம் செய்கிற சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர். மற்றவர்களைப் போல் இல்லை, விளம்பரத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவரும் கேட்டார். "ஏனுங்க, இத்தனை நறுவிசா வேலை செஞ்சுட்டு ஏன் பாதியில விடறீங்க?"

"என் பையன் செஞ்சிக்கினு இருந்தான் சார். தவறிட்டான்" என்றேன்.

முரளி, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்து தொடர்கிறேன். வாய் தவறி வந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் "ஐயோ" என்றார். எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெங்களூர் ரயில்ல" என்றேன். நீ கூட்டத்தில் படியில் தொங்கிக்கொண்டு போன நாட்களில், ரயில் லேட் என்று கேட்டாலே உன் அம்மா கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடுவாளே, அந்த பயத்தை எடுத்து நான் ஒரு வியாபாரத்துக்குப் பயன்படுத்தினேன். டிக்கியின் ஓட்டையை ஸ்கேல் வைத்துக் காட்டிய யோக்கியன் உன்னைப் பற்றிச் சொன்னது இது.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்குத் துக்கமாக இல்லை, பயமாகவும் இல்லை. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. எடைக்குப் போடச் சொன்னாய் அல்லவா, அதற்குச் சரியாகக் கொடுத்துவிட்டேன் என்பது போல. பழி தீர்த்துக்கொண்ட மாதிரி. பெற்ற பிள்ளை மேல். அந்த ஒரு கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சுந்தரம் அதற்கப்புறம் பேரம் பேசவில்லை. நான் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார். லாரியையும் அவரே பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அனுப்புவது என் பொறுப்பு என்றேன், அதில்தான் என் கௌரவம் நின்றது போல. நான் கூப்பிட்ட கார் ஏற்றும் கம்பெனிக்காரர்கள் எல்லாம் வண்டி ஓடுமா என்று கேட்டார்கள். ஓடாது. பிரேக் பிடிக்குமா? பிடிக்காது. சக்கரமாவது உருளுமா? சக்கரமே இல்லை. போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் பங்காருபேட்டைக்கு மஞ்சள் மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு ஈரோட்டுக்குக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று அமைந்தது. வண்டி என் பெயரில் இருந்ததால் பேப்பர் வேலைக்கு உன் கையெழுத்து தேவைப்படவில்லை. நீ அப்போது சம்பாதிக்கவில்லை என்று என் பெயரில் பதிந்தோமே. உன் பெயரில் இருந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே என் பொய் சந்தி சிரித்திருக்கும், இவ்வளவு தூரம் வந்திருக்காது.

லாரி வருவதற்குள் சாமான்களை ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் இடமில்லாமல் லைன் முழுக்க வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து வைத்திருந்தோமே. தேவராஜ் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கியர்பாக்ஸ் இருந்தது. கடைசி வீட்டில் பானெட் கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தது, கோழிகளிடம் கெஞ்சி வாங்க வேண்டியதாயிற்று. பின் சீட்டு கன்னியம்மா வீட்டில். அவள் அதற்கு உறை தைத்துப் போட்டு, டி.வி. பார்க்க உட்கார்ந்து பழகிவிட்டாள். நான் கேட்டதும் எழுந்து நின்றவள் சீட்டைத் தொட விடவில்லை. "இன்னாண்ணா இது, முரளி வண்டியவா விக்கறீங்க? அவன் வந்து, அத்தை நீ ஏன் சீட்ட குடுத்தன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்வேன்? அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன் என்று அவளிடமும் பொய் சொன்னேன். உறையோடு கொடுத்து அனுப்பினாள். ஈரோட்டில் ஒருத்தருக்கு நீ செத்தவன், லைனில் எல்லோருக்கும் நீ வந்து கேள்வி கேட்கப் போகிறவன். நடுவில் நான் சீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங் எல்லாம் நீ பை பையாகப் போட்டு, சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்ததை அப்படியே பெட்டியில் அடுக்கினேன். சுந்தரத்துக்கு அந்தப் பைகளின் படத்தை அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, "தம்பி கையெழுத்துங்களா?" என்று கேட்டார். தம்பியின் போட்டோ ஒன்று இருந்தால் அனுப்பச் சொன்னார், வண்டிக்குள் வைக்க வேண்டுமாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். லாரி இன்னும் வரவில்லை, சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். என் பழைய ஃபேக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கில் கிரீஸோடு நீ சிரிக்கிற படம் உண்டே, அதைத் தேடி எடுத்து அனுப்பினேன். நல்ல படமாகப் பார்த்து அனுப்பினேன்.

ஏற்றுகிற அன்று என்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் பாரம் தூக்கும் செயின் பிளாக்கோடு வந்தார்கள். லாரி லைனுக்குள் நுழையாது என்பதால், கடன் வாங்கிய சக்கரங்களை மாட்டி மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனோம். உன் அம்மாவும் கூடவே வந்தாள். கயிறு கட்டி முடித்த டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வாங்கினவரு போன்ல எல்லாம் சொன்னாருங்க. தம்பி வண்டி. ஒரு கீறல் இல்லாம கொண்டுபோய்ச் சேக்கறேன்" என்றார். அம்மா நெருங்கி வந்து, "இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள். கீறல் விழாமல் பார்த்துக்கொள்வாராம் என்றேன். அவள் முகம் மலர்ந்து, "நல்லா இருப்பா நீ" என்று டிரைவரை வாழ்த்தினாள். நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று மாலை வண்டி போய்விட்டது என்று உன்னிடம் போனில் சொன்னபோது, "நல்லதுப்பா" என்றாய். கொஞ்சம் கழித்து, "வாங்கினவரு நல்ல ஆளாப்பா?" என்று கேட்டாய். நல்ல ஆள் என்றேன். நான் உன்னிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

உனக்கும் ஸ்வாதிக்கும் நிச்சயம் ஆன சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். மறக்க சுந்தரம் விடவில்லை. கதவு தயாரானால் படம், பெயின்ட் அடித்தால் படம். "உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும்னுதானுங்க" என்பார். பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். ஆயுத பூஜை அன்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது போனில் சத்தம் கேட்டு, நீ அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து உன் அம்மா எடுத்துப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்தபோது அவள் பூஜை அறை வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. போனை என் முன்னால் நீட்டினாள்.

வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பளபளவென்று டாக்டர் வண்டி. உள்ளே டேஷ்போர்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட உன் படம். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் மல்லிகை மாலை.

"இது இன்னாங்க இது?" என்றாள். "என் புள்ள படத்துக்கு யாரு மாலை போட்டது? இன்னாத்துக்குப் போட்டாங்க?" சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அழவும் இல்லை. உனக்குத்தான் உடனே போன் போட்டாள். அன்றைக்கு உன்னிடம், "சாப்ட்டியா கண்ணு, இன்னா சாப்ட்ட, எங்க கீற" என்று திரும்பத் திரும்பக் கேட்டாளே, "இன்னாம்மா ஆச்சு உனக்கு" என்று நீ சிரித்தாயே, அது இதனால்தான். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "உயிரோட இருக்கற புள்ளைக்கு மாலை தொங்கிக்கினு கீது. அத்த நீங்களே போய் எடுத்துக்கினு வாங்க. அவன்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. அதுக்கு அப்புறம் பத்திரிகை அடிக்கலாம். அது வரைக்கும் அவன் தலையில அட்சதை போட உங்களுக்கு யோக்கியதை கெடையாது." இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் ரிஜெக்ட் செய்ய முடியவில்லை.

உடனே கிளம்பினேனா என்றால் அதுவும் இல்லை. மழை என்றேன், முதுகு என்றேன். தீபாவளியும் போனது. நீ பத்திரிகையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பங்காருபேட்டையில் ரயில் ஏறினேன். வெளியூர் கிளம்பினால் கட்டுச்சோறு கட்டித் தராமல் அனுப்பாதவள் அன்றைக்கு வெறும் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள்.

சுந்தரம் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி. அவர் மனைவி நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்து, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று பரிமாறியவர்களிடம் கண்ணால் சொன்னார். பிறகு சுந்தரம் என்னை வண்டி நின்ற கொட்டகைக்குக் கூட்டிப் போய் முன் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முரளி, நம் இன்ஜின் ஓடியது. நீயும் நானும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை காது கொடுத்துக் காத்திருந்த சத்தம். சீராக, ஒரு தட்டல் இல்லாமல். எனக்கு நேர் எதிரே நீ மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

"சார், என் பையன் உயிரோட இருக்கான்" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் பொய் சொன்னேன். பையன் நல்லா இருக்கான். தை மாசம் கல்யாணம்."

அவர் இன்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "கொஞ்சம் எறங்கிக்கோங்க" என்றார். இறங்கினேன். சத்தம் நின்றதைக் கேட்டு அவர் மனைவி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி நல்லாருக்குதுங்களா?" நல்லா இருக்கான்மா என்றேன். "சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் புருஷனிடம், "மொதல்ல அந்த மாலையை எடுங்க, கல்யாணப் பையன்" என்றார். சுந்தரம் அசையவில்லை. "போட்டது நானு. போட வெச்சது அவரு. அவரே எடுக்கட்டும்" என்றார்.

எடுத்தேன். நூல் சட்டத்தின் பின்னால் ஆணியில் முடிச்சுப் போட்டிருந்தது. எவ்வளவோ முடிச்சு அவிழ்த்த கைக்கு அன்றைக்கு அது வரவில்லை. கடைசியில் அறுத்தேன். பூ புதிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மாற்றுவார்களாம். யாரென்றே தெரியாத உனக்கு விளக்கும் வைப்பார்களாம்.

மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடிக்கப் போனேன். சுந்தரம் கையை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கோவமில்லீங்க. கூச்சமா இருக்குது. தம்பி எழுதின சீட்டு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் படிச்சனுங்க. ஒரு பையில, 'அப்பா தொடக் கூடாது, நான் வந்து மாட்டிக்கறேன்'னு எழுதியிருந்துச்சு. அன்னைக்குப் பட்டறையை மூடிட்டுப் போய் அழுதனுங்க. இப்ப அதை நெனச்சா எம் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்றார். பிறகு, "தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு? செத்தது நானுங்களா?" என்றார்.

அந்தச் சீட்டு எனக்கு நினைவிருக்கிறது. கார்பரேட்டர் ஸ்பிரிங் வைத்திருந்த பை. நான் அவசரப்பட்டு மாட்டி ஒன்றை உடைத்துவிட்டதால் விளையாட்டாக அப்படி எழுதினாய். நீ திரும்பி வந்து மாட்டுவதாகத்தான் எழுதியிருந்தாய். அதை நான் எத்தனையோ தரம் பார்த்திருந்தும், எடைக்குப் போடச் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். அப்பனாக இருந்தும் உன்னிடம் குறை மட்டும் தேடியிருக்கிறேன்.

கிளம்பும்போது சுந்தரம் வாசல் வரை வந்தார். சட்டத்திலிருந்து படத்தை உருவி, பின்பக்கம் தன் நம்பரை எழுதி என்னிடம் கொடுத்தார். "எங்க வீட்டுக் கொழந்தைங்க இதை முரளி வண்டின்னுதானுங்க சொல்லுதுங்க. அந்தப் பேரை வெச்சுக்கலாமா, வேண்டாமான்னு தம்பிகிட்டத்தான் கேக்கோணும். அவரையே கூப்பிடச் சொல்லுங்கோ. நீங்க பக்கத்துல நிக்க வேண்டாம்" என்றார். வண்டியைக் கல்யாணத்துக்கு ஓட்டி வருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்தை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடி போட்டிருந்ததால் உன் முகத்தில் சந்தனம் பட்டிருக்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்து, "எழுதி முடிச்சிட்டு உள்ள வச்சி அனுப்புங்க" என்றாள்.

வைத்திருக்கிறேன். இதை ஸ்வாதியும் படிக்கட்டும். எந்த மாதிரி மாமனார் வாய்க்கப் போகிறார் என்று கழுத்தை நீட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிய வேண்டும். உன் கல்யாணத்தில் நான் முன் வரிசையில் நிற்பதா, பின்னால் எங்காவது நிற்பதா என்பதை நீ சொல், அப்படியே செய்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றோ, என்னைக் கூப்பிட வேண்டும் என்றோ கேட்க மாட்டேன். படத்தைத் திருப்பி அந்த நம்பருக்கு மட்டும் ஒரு தரம் கூப்பிடு. இத்தனை மாதம் உனக்காக அழுத மனிதர் உன் குரலைக் கேட்டதே இல்லை. அவர் எடுத்ததும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், உன் பெயரைச் சொல்.

அப்பா